அழகாயியின் சுமைதாங்கியை வாயில் ஆக்கினார்கள்

1

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரில், ஆற்றங்கரைப் பூங்காவில், டிராம் நிற்கும் இடத்துக்கு எதிரே, திருச்சியிலிருந்து வந்த கல் ஒன்று நிற்கிறது. சகோதர நகரம் கொடுத்த பரிசு. அதை நிறுத்தி ஒரு வருடம் ஆனதற்குச் சில மாதங்களுக்கு முன்பு விழா எடுத்தார்கள். அந்த விழாவில் நான் ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திட்டியிருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பேன்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. மண்ணச்சநல்லூரில் பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் கூடியிருந்தால் பின்னால் போய் நிற்கிற ஆள். ஆனால் இந்த விஷயத்தை ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

என் வீட்டுக்காரர் வெல்டர். திருச்சியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஷெட்களில் வேலை பார்த்தவர். இந்த ஊரிலும் பாய்லர்தான் செய்கிறார்கள். அந்தத் தொடர்பில் அவர் முதலில் வந்தார், பிறகு நான் கைக்குழந்தையோடு வந்தேன். அந்தக் குழந்தை காவ்யா, இப்போது வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள், சனி ஞாயிறு வருவாள். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் அறையில் வேலை செய்கிறேன். அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பாய்லரை வைத்துத்தான் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்கள் ஆயின. இவர்கள் முதலில் திருச்சிக்கு ஓர் எஃகு பெஞ்சு அனுப்பினார்கள். அலை மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். அதில் மத்தியான நேரத்தில் ஆட்டோக்காரர்கள் படுத்துத் தூங்குகிறார்கள் என்றும், இவர்களுக்குத் தெரிந்தால் சங்கடம் என்றும் என் தம்பி முருகேசன் போனில் சொன்னான். எனக்கு அதில் சங்கடம் எதுவும் தோன்றவில்லை. பெஞ்சு என்றால் உட்காரவும் படுக்கவும்தானே.

பதிலுக்கு நாம் அனுப்பியதுதான் இந்தக் கல்.

2

வேலை முடிந்து டிராமிலிருந்து இறங்கும்போதுதான் முதலில் பார்த்தேன். இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு கல். மூன்று படி வைத்த வட்ட மேடை கட்டி அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் சங்கிலி.

சுமைதாங்கி என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு சுமைதாங்கியா என்று சந்தோஷமாகத்தான் கிட்டே போனேன். வலது தூணில், இடுப்பு உயரத்தில், அரிவாள் தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம் இருந்தது. மேல் கல்லின் ஒரு முனை உடைந்து, பல் விழுந்த மாதிரி இருந்தது. நான் சின்ன வயதில் அந்த உடைந்த முனையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். இது ஏதோ ஒரு சுமைதாங்கி இல்லை. மண்ணச்சநல்லூரிலிருந்து கொள்ளிடம் வரும் வழியில் எங்கள் குடும்பம் நட்ட கல்.

பக்கத்தில் வெண்கலப் பலகை. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. தமிழில் இப்படி: ‘நட்பின் வாயில். பழந்தமிழரின் வரவேற்புத் தோரணம். திருச்சிராப்பள்ளி மக்களின் அன்புப் பரிசு.’

வாயிலாம். தோரணமாம். மேடை மேல் ஏற்றியதால் கீழே நின்று பார்த்தால் வாசல் மாதிரித்தான் தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

என் கையில் கடைச் சாமான் பை. கை தானாகச் சங்கிலிக்கு மேலே போனது. பூங்காக் காவலர் ஓடி வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார், நினைவுச்சின்னத்தின் மேல் எதையும் வைக்கக் கூடாது, தொடவும் கூடாது என்று. சுமைதாங்கியின் மேல் சுமை வைக்கக் கூடாது. இதைக் கேட்க அங்கே வேறு தமிழ் ஆள் யாரும் இல்லையே என்று இருந்தது.

அவர் திரும்பியதும் சங்கிலிக்கு வெளியே நின்றபடியே குறுக்குக் கல்லைப் பார்த்தேன். அதன் முகப்பில் பெயர் வெட்டியிருக்கும். ‘அழகாயி சுமைதாங்கி’ என்று இரண்டே சொற்கள். எழுத்துக் கூட்டி நான் முதன்முதலில் படித்தது பாடப்புத்தகத்தை இல்லை, அந்தக் கல்லைத்தான். அந்த இடம் இப்போது வழவழவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் கருத்துச் சொரசொரப்பாக, அது மட்டும் தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி வெளுத்து இருந்தது. மழையிலும் வெயிலிலும் அப்படித் தேயாது. என் வீட்டுக்காரர் மறுநாள் வந்து பார்த்தார். ஒரே பார்வைதான்.

“கிரைண்டர் போட்டுத் தேச்சிருக்காங்க,” என்றார்.

3

அழகாயி என் அப்பாவின் முதல் மனைவி. எனக்குப் பெரியம்மா. நான் பார்த்ததில்லை.

நிறைமாதத்தில் வலி கண்டு, பிள்ளை இறங்காமல், மாட்டு வண்டியில் ஏற்றித் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கொள்ளிடம் பாலம் கண்ணில் தெரிகிற தூரத்தில் உயிர் போய்விட்டது. பிள்ளையும் வயிற்றோடு போனது. வண்டி நின்ற அதே இடத்தில் எங்கள் வீட்டில் கல் நட்டார்கள். பிள்ளையைச் சுமந்தபடி செத்தவள் அந்தச் சுமையோடு நின்றுகொண்டே இருப்பாள், வழிப்போக்கர்கள் அந்தக் கல்லில் சுமை இறக்கும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இப்போது டூவீலரில் போகிற பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ, அதனால் எழுதுகிறேன்.

அவள் போன பிறகுதான் அப்பா என் அம்மாவைக் கட்டினார். அவள் பிழைத்திருந்தால் அம்மா அந்த வீட்டுக்கு வந்திருக்க மாட்டாள். நானும் முருகேசனும் இல்லை.

அப்பாவுக்கு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. அம்மா மில்லில் அரிசி எடுத்து, கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, ஸ்ரீரங்கத்தில் வீதி வீதியாகப் போய் விற்பாள். தலைச்சுமையில் ஒரு கஷ்டம் உண்டு. பாரம் கூடினால் தனி ஆளாக இறக்கவும் முடியாது, இறக்கினால் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் முடியாது. கை கொடுக்க இன்னொருத்தி வேண்டும். சுமைதாங்கியை ஆள் கழுத்து உயரத்துக்கு வைப்பது அதற்காகத்தான். முதுகை வளைக்காமல் கூடையை அதன் மேல் நகர்த்திவிடலாம். மூச்சு வாங்கிய பிறகு அப்படியே தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். துணைக்கு ஆள் இல்லாதவளுக்கு அந்தக் கல்தான் ஆள்.

அம்மா அதைத் தாண்டி நிற்காமல் போனதே இல்லை. திரும்பி வரும்போது காலிக் கூடையாக இருந்தாலும் ஒரு நிமிடம் அதன் மேல் வைப்பாள். வைத்துவிட்டுப் பேசுவாள். “அக்கா, இன்னிக்கு எல்லாம் வித்துப்போச்சு.” “அக்கா, சின்னவனுக்குக் காய்ச்சல், கொஞ்சம் பாத்துக்க.” தன் புருஷனின் முதல் சம்சாரத்தோடு அப்படிப் பேசுகிற பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தச் சின்னவன்தான் முருகேசன்.

4

கிரைண்டர் போட்டது தெரிந்த அன்றைக்கே முருகேசனுக்குப் போன் செய்தேன். அவன் திருச்சியில், பாலக்கரையில் இருக்கிறான். சிறிய அளவில் ரோடு, சாக்கடை வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். சகோதர நகரத்துக்காக ஊரில் சிலர் சேர்ந்து நட்புக் குழு ஒன்று ஆரம்பித்தபோது அதிலும் சேர்ந்துகொண்டான்.

நான் கேட்பதற்கு முன்பே அவன், “பாத்தியாக்கா? எப்புடி இருக்கு?” என்றான். எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தானாம்.

அவன் சொன்ன கதை இது. கொள்ளிடம் ரோட்டை அகலப்படுத்தும்போது கல்லைப் பெயர்த்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். குழுவிலோ என்ன பரிசு அனுப்புவது என்று பேச்சு. சாமி சிலை கூடாது, தலைவர்கள் சிலை கூடாது, யானை எல்லோரும் அனுப்புகிறார்கள், கப்பலில் போகிற அளவாகவும் இருக்க வேண்டும். முருகேசன்தான் எங்கள் கல்லைச் சொல்லியிருக்கிறான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

“அங்கேயே கெடந்தா ஒடச்சு ஜல்லியில கொட்டியிருப்பான்க்கா. உன் ஊருல, உன் கண்ணு முன்னால நிக்கட்டுமேன்னு நெனச்சேன்.”

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கோபத்தோடு இருப்பவளுக்கு எதிராளி சொல்வது நியாயமாக இருந்தால் கோபம் இரண்டு பங்காகிவிடும். பெயர் எங்கே என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னான். வயிற்றுப் பிள்ளைக்காரி செத்த கல் என்றால் குழுவில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரிசு மங்களகரமாக இருக்க வேண்டும். பெயர் இருந்தால் யார் இந்த அழகாயி என்று கேள்வி வரும்.

“யாருடா கிரைண்டர் போட்டது?”

“ஆள வச்சுத்தான் பண்ணேன்.”

“அம்மா இருந்திருந்தா?”

“அம்மா இல்லியேக்கா,” என்றான்.

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை.

5

எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். சங்கிலியை எடுக்க வேண்டும். பலகையில் அழகாயி பெயரை எழுத வேண்டும். இதைக் கேட்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

துணிச்சலாகத் தனியாகத்தான் போனேன். நினைவுச்சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி இளைஞர். ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது இறந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். இறந்தாள் என்பதற்கு ஜெர்மன் சொல் தெரியும், முதியோர் இல்லத்தில் அடிக்கடி கேட்கிற சொல். கர்ப்பத்துக்குத் தெரியவில்லை. என் வயிற்றின் மேல் கையை வட்டமாகக் காட்டினேன். அவர் என் நரைமுடியைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த முறை காவ்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் மகள் ஜெர்மன் பேசினால் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், யாரோ வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது மாதிரியும் இருக்கும். நான் தமிழில் நீளமாகச் சொன்னேன். அவள் ஜெர்மனில் சுருக்கமாக முடித்துவிட்டாள். அதிகாரி மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். இது எங்கள் குடும்பத்துக்கு முக்கியமான கல் என்று சொன்னாளாம்.

“பெரியம்மா செத்ததச் சொல்லலியா?”

“ஆபீஸ்ல போயி அதெல்லாம் எப்படிம்மா சொல்றது? அவருக்குச் சங்கடமா இருக்கும்.”

“பேரு?”

“அவருக்கு அந்தப் பேரு சொல்லவே வராதும்மா. அதுவும் இல்லாம, இங்க யாரு தலையில சுமக்கறா? சங்கிலிய எடுத்தா மட்டும் யாரு வந்து வைக்கப் போறா?”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் தமிழில் பேசியது எல்லாம் எனக்கு மொழிபெயர்ப்பு மாதிரி இருந்தது. டிராமில் அவள் ஒரு சீட்டில், நான் ஒரு சீட்டில் வந்தோம்.

பிறகு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பரிசாக வந்த கலைப்பொருளின் அமைப்பையோ விளக்கத்தையோ மாற்ற வேண்டுமானால் பரிசு கொடுத்தவர்கள் கேட்க வேண்டும் என்று. வேறு வழியில்லாமல் முருகேசனிடம் பேசினேன். அவன் குழுவில் கேட்டுவிட்டுச் சொன்னான், கொடுத்தது கொடுத்ததுதான், இனி அது அவர்கள் பொருள், நாம் சொல்வது நாகரிகம் இல்லை என்று. இவர்கள் அவர்களைக் கை காட்டினார்கள், அவர்கள் இவர்களைக் கை காட்டினார்கள். இரண்டு ஊரும் உண்மையில் சகோதரர்கள்தான் என்று அப்போதுதான் நம்பினேன்.

இங்கே உள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவரைப் பார்த்தேன். நல்ல மனிதர், படித்தவர், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். சுமைதாங்கி என்றால் என்னவென்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார்.

“தெரியும்மா. பாத்த அன்னிக்கே தெரியும். ஆனா இவங்ககிட்ட நம்மளப் பத்தி எடுத்த எடுப்புலயே பிரசவச் சாவுன்னு ஆரம்பிக்கணுமா? நல்லதா நாலு சொல்லட்டுமே.”

ஆண்டு விழாவில் கல்லுக்குப் பூமாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைக்கப் போவதாகவும் சொன்னார். நட்பு வாயிலுக்கு மங்கள வரவேற்பு. அந்தக் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தால் அது சாமியாகிவிடும், சாமியானால் சங்கிலியை எடுத்தாலும் நம் ஆட்களே யாரையும் சுமை வைக்க விடமாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போல் நாக்கு எழவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன்.

6

விழாவுக்குத் திருச்சியிலிருந்து குழு வந்தது. முருகேசனும் வந்தான். விழாவுக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றான். புதுச் சட்டை, குளிருக்கு யாரிடமோ வாங்கிய கோட். கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவன் இளைத்திருந்தான். முதலில் சாப்பாடு போட்டேன்.

சாப்பிடும்போது அவன் நிமிரவில்லை. மேடையில் உன்னையும் உட்கார வைப்பார்கள், அப்போது ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்டேன். பெயரை மட்டும் சொன்னால் போதும், எப்படிச் செத்தாள் என்றுகூட வேண்டாம் என்றேன். பார்க்கிறேன் அக்கா என்றான்.

விழா நாளன்று காலையில் தமிழ்க் கடைக்குப் போனேன். முருகேசனுக்கு இந்த ஊர் அரிசி இறங்கவில்லை, பொன்னி வேண்டும் என்றான். பெரிய பையாகத்தான் இருந்தது. டிராமை விட்டு இறங்கிப் பூங்கா வழியாக வந்தேன். விழா ஆரம்பமாகியிருந்தது. கூட்டம் நெருக்கமாக இருந்தது. பையை இடுப்பில் வைத்தால் பிள்ளைகள் மேல் இடித்தது. ஒரு பெஞ்சின் மேல் வைத்து, குனிந்து தலைக்கு ஏற்றிக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு தலையில் சுமை வைத்தது அதுதான் முதல் தடவை. கழுத்துக்குப் பழக்கம் போகவில்லை.

ஓரமாக நின்று பார்த்தேன். மேயர் அம்மா பேசினார். சங்கத் தலைவர் பேசினார். வாசல் திறந்தே இருக்கும் பண்பாடு நம்முடையது என்றார். திருச்சிக் குழுவின் சார்பில் மூன்றாவதாக முருகேசன் மைக் முன்னால் வந்தான். என்னைப் பார்த்தான். எழுதி வைத்திருந்ததைப் படித்தான். பழந்தமிழர் தோரணம் என்று படித்தான். நன்றி வணக்கம் என்று முடித்தான்.

மாலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். குங்குமத் தட்டு வந்தது. மேடையில் ஏறுவதற்காகச் சங்கிலியை ஒரு பக்கம் கழற்றினார்கள். அந்த வழியாக நான் போய்விட்டேன். யோசித்துப் போகவில்லை. கால் போனது. மூன்று படி ஏறினேன். மேடை மேல் நின்றால் கல் பழைய உயரத்திலேயே இருந்தது, என் கழுத்துக்கு நேராக. அரிசிப் பையைத் தலையிலிருந்து அதன் மேல் நகர்த்தினேன். கல் வாங்கிக்கொண்டது. இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டு நின்றேன்.

“அக்கா” என்று அம்மா சொல்கிற மாதிரி சொல்ல வாய் வந்தது. எனக்கு அவள் பெரியம்மா. அதனால், “பெரியம்மா, எங்கள மன்னிச்சுடு” என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அப்புறம் கைதட்டினார்கள்.

முதலில் முன் வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள், பிறகு நம் ஆட்கள், பிறகு எல்லோரும். போன் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் ஏதோ கரகம் ஆடிக் காட்டியதாக நினைத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தேன். முருகேசனும் கைதட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்குத் தெரியாது. அவனுக்குமா தெரியாது?

மேயர் அம்மா சிரித்தபடி வந்து இந்தச் சடங்கின் அர்த்தம் என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரரோடு நின்றிருந்த காவ்யா மேடைக்கு ஏறி வந்தாள். வழக்கம்போல் சுருக்கி முடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள். நீளமாகப் பேசினாள். எனக்குத் தெரியாத அந்தச் சொல்லும் அதில் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் மேயர் அம்மா தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டார். பேச்சின் நடுவே ‘அழகாயி’ என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ழகரம் சரியாக வந்தது. சின்ன வயதில் அந்த எழுத்துக்காக அவளை நான் அழவைத்திருக்கிறேன்.

அதற்கு யாரும் கைதட்டவில்லை. அதுதான் சரி. குங்குமத் தட்டும் அப்படியே திரும்பிப் போனது.

மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் என் படம் வந்தது. ‘நட்பின் வாயிலில் இந்திய அரிசிச் சடங்கு’ என்று கீழே எழுதியிருந்தார்கள். சங்கத் தலைவர் போன் செய்து, ரொம்ப நன்றாக இருந்தது, வருடா வருடம் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார். அன்றைக்கு என் நாக்கு எழுந்தது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதவில்லை. அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

7

மேயர் அம்மா மறக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கிலியை எடுத்துவிட்டார்கள். பலகையை மாற்றவும் தயார் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சுமைதாங்கி என்று எழுதலாம், அது எதற்கு என்றும் எழுதலாம். ஆனால் ஒரு தனி மனுஷியின் பெயரைப் பொது இடத்தில் எழுத வேண்டுமானால் சான்று வேண்டும். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்.

மாட்டு வண்டியில் செத்தவளுக்கு யார் சான்றிதழ் வாங்கினார்கள்? போட்டோ கிடையாது. ரேஷன் கார்டு கிடையாது. பெற்ற பிள்ளையும் கிடையாது. அவளைப் பார்த்த அப்பா இல்லை, அவளோடு பேசிய அம்மா இல்லை. அழகாயி என்று ஒருத்தி இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு இருந்த ஒரே சான்று அந்தக் கல்லில் வெட்டிய இரண்டு சொற்கள்தான். அதை அந்நியர் யாரும் அழிக்கவில்லை. நாங்கள் அழித்தோம். அழித்த கல்லைப் பரிசு என்று ரிப்பன் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு நட்பு என்று பெயரும் வைத்தோம். இவர்கள் தெரியாமல் சங்கிலி போட்டதை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டு கிரைண்டர் போட்டதை எப்படி மன்னிப்பது?

சான்றிதழ் இல்லை என்று காவ்யா எழுதிக் கேட்டாள். இப்போதெல்லாம் அந்த அலுவலகத்துக்கு எழுதுவது அவள்தான், நான் சொல்லாமலே எழுதுகிறாள். அதற்கும் வழி சொன்னார்கள். கல் இங்கே வருவதற்கு முன்பு அதில் அந்தப் பெயரைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். என் வீட்டில் வசிப்பவர்களாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் ஆளாக முருகேசனைக் கேட்டேன். அவன் கையெழுத்துப் போட்டால், பெயர் இருந்தது என்று ஆகும். இருந்த பெயர் எங்கே போயிற்று என்று கேள்வி வரும். குழுவில் இருப்பவர்கள் முகத்தில் அவன் எப்படி விழிப்பது?

“என் நெலமையயும் யோசிச்சுப் பாருக்கா,” என்றான். “பேரு இல்லாட்டி என்ன, கல்லு நிக்கிதுல்ல?”

காய்ச்சலில் கிடந்தபோது உன்னை யாரிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா அரிசி விற்கப் போனாள் என்று அவனைக் கேட்டேன். அவன் கையெழுத்துப் போடவில்லை.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். மண்ணச்சநல்லூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் கொள்ளிடம் ரோட்டில் நடந்தவர்கள், சைக்கிளில் போனவர்கள், நெல் வண்டி ஓட்டியவர்கள், புல்லுக்கட்டு சுமந்தவர்கள், அந்தக் கல்லில் அரிவாள் தீட்டியவர்கள் இன்னும் இருப்பீர்கள். இளைப்பாற நின்றபோது முகப்பில் இருந்த எழுத்தைப் படித்திருப்பீர்கள். படித்தது நினைவிருந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவர்கள் எனக்குச் சேர்த்துவிடுவார்கள். மங்களகரமாக எழுத வேண்டியதில்லை. ‘அழகாயி என்ற பெயரை அந்தக் கல்லில் பார்த்தேன்’ என்று எழுதினால் போதும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நீங்கள். இன்னொருவன் பாலக்கரையில் இருக்கிறான். இதைப் படிப்பான். பேனா அவன் வீட்டிலும் இருக்கிறது.